பொட்டு வைத்த மூடியும் மூன்றாவது சிரட்டையும்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்துக்குப் புது மெசின் ஒன்று வந்தது. திறப்புவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றவனை அழைப்பதில் ஒரு வசதி உண்டு. மாலை போட்டால் குனிவான், வடை கொடுத்தால் சாப்பிடுவான், ஒலிவாங்கியை மட்டும் கையில் கொடுக்காமல் விட்டால் போதும். நானும் முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர், நல்ல பிள்ளை, சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு மெசினுக்குப் பொட்டு வைக்கப் போனார். நான் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

மண்டபத்தில் இருந்தவர்களில், நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டேன் என்று பாதிப்பேரும், எனக்கு மூளை கழன்றுவிட்டது என்று மீதிப்பேரும் தீர்மானித்தார்கள். வடை கொடுக்கும்போது எனக்கு ஒன்றுதான் கிடைத்தது. கடைசியில் அந்தப் பிள்ளையே வந்து, ஏன் அப்படிச் செய்தீர்கள், எங்கள் சஞ்சிகைக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எழுதுகிறேன். நீண்டுபோனால் அதற்கு அவர்தான் பொறுப்பு.

எங்கள் தொழில் சுவட்டு மூலகங்களை அளப்பது. மண்ணிலும் தண்ணீரிலும் உலோகத்திலும் ஈயம், நாகம் என்கிற துத்தநாகம், செப்பு போன்றவை மிகமிகச் சிறிதளவில் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. அதை நாங்களே கொண்டுபோய்ப் போடாமல் இருப்பதுதான் கடினம். கையில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது, கண்ணாடியில் இருக்கிறது, தலைக்கு மேலே தகரத்தில் இருக்கிறது. அளக்கிறவன் தன்னையே அளந்துவிட்டு, ஊரான் வளவில் கண்டுபிடித்தேன் என்று கடிதம் எழுதிவிடுவான். நானும் எழுதினவன்தான்.

கொழும்பில் நான்கு வருடம் வேலை பழகினேன். அந்த நான்கு வருடத்தையும் இரண்டு சொல்லில் சொல்லலாம்: போத்தல் கழுவினேன். 1983 ஆடிக் கலவரத்தில் கட்டின சாரத்தோடு கப்பலேறி ஊருக்கு வந்தேன். வந்த சில மாதங்களில் யாழ்ப்பாணத்தில் மண் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. போத்தல் கழுவத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு நற்சான்றிதழ் இருந்தது.

அங்கே தலைமை ஆய்வாளராக இருந்தவர் தில்லையம்பலம் சேர். தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். மெலிந்த மனிதர். நெற்றியில் மூன்று குறி திருநீறும் நடுவில் குங்குமப் பொட்டும் மத்தியானம் வரை அழியாமல் இருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பென்சிலைச் சவர அலகால் சீவுவார். சீவி முடியும் வரை எதிரில் நிற்பவன் நிற்கவேண்டும். எங்களில் ஒருவன் பிழை விட்டால் அன்றைக்குப் பென்சில் மிகவும் கூராக இருக்கும்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தேன். வலிகாமத்துச் செம்மண் ஒன்றில் நாகம் கொட்டிக் கிடந்தது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் கொண்டுவந்த மண்ணை மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அப்படித்தான். சுரங்கம் தோண்டலாம் என்ற கணக்கில் சேரிடம் ஓடினேன். அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். மண் எதில் வந்தது என்று கேட்டார். வாளியில் என்றேன். என்ன வாளி என்றார். கிணற்றடியில் வைக்கிற சாதாரண நாகம் பூசின இரும்பு வாளி.

"தம்பி, நீர் அளந்தது வாளியை" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சட்டம் வந்தது. மண் எடுக்கப் போகிறவன் மரக்கரண்டியால் எடுக்கவேண்டும், சுரண்டிக் காயவைத்த தேங்காய்ச் சிரட்டையில் போடவேண்டும், வாழையிலையால் மூடி நாரால் கட்டவேண்டும். அயலவர்கள் எங்களைப் பார்த்து, அரசாங்கம் இவங்களுக்குச் சட்டியும் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். சிரட்டையில் உலோகம் இல்லை என்று விளங்கப்படுத்தி அலுத்துப்போய்ப் பிறகு ஓம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

இன்னொரு சட்டம் வெற்று மாதிரி. மண்ணே இல்லாத வெறும் கிண்ணத்தை எடுத்து, மண்ணுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்யவேண்டும். சுடவேண்டும், அமிலம் ஊற்றவேண்டும், மருந்து கலக்கவேண்டும். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் அது எங்கள் அழுக்கு. ஒன்றுமில்லாததை எதற்கு மினக்கெட்டு அளப்பது என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். சேருக்கு அதுதான் உயிர். எந்த அறிக்கையை நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வெற்று மாதிரி எங்கை?" என்பதுதான். கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தாலும் சேர் வெறும் இலையை ஒருதரம் தடவிப் பார்ப்பார் என்று நாங்கள் அவருக்குப் பின்னால் கதைப்போம்.

தொண்ணூறில் யுத்தத்தோடு மின்சாரம் போனது. போனது போனதுதான். அதோடு மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், எங்களுக்கு வேண்டிய அமிலம், எல்லாவற்றுக்கும் தடை. ஆய்வுகூடத்தையும் கட்டிக்கொண்டு மானிப்பாயில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நல்ல விலைக்கு வாங்கிய வெளிநாட்டு மெசின் மூலையில் கிடந்தது. மணியக்கா அதன்மேல் துவாய் காயப்போட்டார். மணியக்கா எங்கள் பாத்திரம் கழுவுகிறவர். எனக்கு முன்னரே வேலையில் சேர்ந்தவர், எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். அதை அவர் மறைத்ததும் இல்லை.

மெசின் இல்லாவிட்டால் பழைய முறை. ஈயத்தைப் பார்க்க ஒரு மருந்து உண்டு. குளோரோபோமில் கரைத்தால் நல்ல பச்சையாக இருக்கும். சோதனைக் குழாயில் அதை விட்டுக் குலுக்கும்போது ஈயம் இருந்தால் சிவக்கும். இல்லாவிட்டால் பச்சை பச்சையாகவே நிற்கும். எவ்வளவு சிவப்பு என்று பக்கத்தில் வரிசையாக வைத்த அளவுக் குழாய்களோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு முன் மண்ணில் கிடக்கிற வேரும் இலையும் எரிந்துபோகச் சுடவேண்டும். மின்சாரச் சூளைக்குப் பதிலாகப் பின்வளவில் களிமண்ணால் அடுப்பு ஒன்று கட்டினோம். சிரட்டைக்கரி போட்டு, ஒரு தட்டாரிடம் வாங்கிய துருத்தியால் ஊதுவோம். பீங்கான் கிண்ணங்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூடி. வெப்பமானி கிடையாது. சேர் அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக் கத்தரிக்காய் நிறம் என்றால் சரி, கோவைப்பழ நிறம் என்றால் பிழை. கோவைப்பழ நிறத்துக்குப் போனால் ஈயம் ஆவியாகிப் போய்விடும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி எட்டிப் பார்த்து, "ஊதினது காணும்" என்பார். துருத்தியில் இருக்கிறவன் நான்தான் என்பதால் போதும் என்ற அந்தச் சொல் எனக்கு மந்திரம் மாதிரி.

இந்தக் காலத்தில்தான் பற்றறி மார்க்கண்டுவின் வழக்கு வந்தது. மார்க்கண்டு அரியாலைக்காரர். புதுப் பற்றறி ஊருக்குள் வராத காலத்தில் பழைய கார்ப் பற்றறிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, மறுபடி வார்த்துப் பூட்டிக் கொடுப்பார். உருக்குவது பின்வளவில் ஒரு குழியில். அந்தப் பகுதியில் மருத்துவிச்சி பிள்ளைப்பேறு பார்த்தது அவருடைய பற்றறி வெளிச்சத்தில்தான். றேடியோ கேட்டவர்கள், தண்ணீர் இறைத்தவர்கள் எல்லோரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். பக்கத்து வளவுக் கந்தையாவும் வாடிக்கைக்காரர்தான். ஆனால் அவருடைய மிளகாய்க்கன்று சுருண்டது, ஆடு ஒன்று செத்தது, மருமகன் கடிதம் போடவில்லை. மூன்றுக்கும் மார்க்கண்டுவின் புகைதான் காரணம் என்று கிராமச் சபையில் முறைப்பாடு கொடுத்தார். சபை எங்களுக்கு எழுதியது. மண்ணில் ஈயம் இருந்தால் மார்க்கண்டு பட்டறையை மூடிக்கொண்டு ஊரைவிட்டு எழும்பவேண்டும். இல்லாவிட்டால் கந்தையா வாயை மூடவேண்டும்.

நான் சிரட்டைகளோடு போய், கந்தையாவின் தோட்டத்தில் மூன்று இடத்திலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேற்கே ஒரு கட்டை, ஒரு மைல், தூரத்தில் இருந்த வெறும் வளவிலும் மண் எடுத்தேன். மார்க்கண்டுவின் குழியில் ஈயம் இருக்கும் என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, அது ஈயக்குழி. மார்க்கண்டு வேலியில் சாய்ந்து நின்று நான் மரக்கரண்டியால் மண் தோண்டுவதைப் பார்த்தார். கட்டையான, முன்கோபமான மனிதர். கறி நல்லாய் வருமோ என்று கேட்டார்.

மண் காய்வதற்குள் நவராத்திரி முடிந்து ஆயுத பூசை வந்துவிட்டது. யுத்தமோ தடையோ, எங்கள் ஆய்வுகூடத்தில் ஆயுத பூசை நிற்காது. தராசு, சோதனைக் குழாய்கள், துருத்தி, துவாய் காய்ந்த மெசின் எல்லாம் துடைத்து வரிசையில் வைக்கப்படும். சேர் தன் கையால் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பார். இந்தியாவிலிருந்து வந்த பழைய குங்குமம் முடிந்துவிட்டது என்று என்னைப் பட்டணத்துக்கு அனுப்பினார். ஒரு கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று மங்கல், மற்றது பளிச்சென்று கண்ணைப் பறித்தது. தெய்வ காரியம் அல்லவா, பளிச்சென்று இருந்ததை வாங்கினேன். சேருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்றும் விடுபடக்கூடாது என்று களிமண் அடுப்புக்கும், பன்னிரண்டு கிண்ணங்களின் பன்னிரண்டு மூடிகளுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தார். ஏட்டை எடுத்துப் பூசை நடந்ததாகக் குறிப்பும் எழுதினார். மறுநாள் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்துவிட்டது.

அரியாலை மண்ணை நான் தனியாகப் பார்த்தேன். குளோரோபோம் அரைப் போத்தல்தான் மிச்சம். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெற்று மாதிரிக்கு ஒரு குழாய் மருந்தை வீணாக்குவதா என்று யோசித்தேன். போன கிழமை பார்த்தேனே, பச்சையாகத்தானே இருந்தது. அந்தப் பெறுமானத்தையே எடுத்து இந்தக் கிழமைப் பக்கத்தில் எழுதினேன். இதைச் சிக்கனம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கையெழுத்து வைத்த பொய்.

எல்லாக் குழாயும் சிவந்தன. கந்தையாவின் மண் மூன்றும் சிவப்பு. ஒரு கட்டைக்கு அப்பால் எடுத்த வெறும் வளவு மண்ணும் அதே சிவப்பு. அறிவுள்ளவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. புகை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதிசயப்பட்டேன். சேர் காய்ச்சலோடு படுக்கையில் இருந்தபடி ஏட்டைப் பார்த்தார். வெற்று மாதிரிப் பத்தி நிரம்பியிருந்தது. கையெழுத்து வைத்தார். சபைக்கூட்டத்துக்கு நான்தான் அறிக்கையோடு போனேன். காற்று எப்படிப் புகையைக் காவும் என்று ஒரு சிறு விரிவுரையும் செய்தேன். அதற்கு முந்திய மாதங்கள் சோளகம் வீசின காலம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று புகையை மேற்கே எப்படிக் கொண்டுபோகும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விரிவுரை வைத்திருப்பேன்.

மார்க்கண்டுவுக்கு இரண்டு கிழமைத் தவணை கொடுத்தார்கள். பற்றறி கொண்டுவருகிறவர்கள் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் அவருடைய மூத்த மகளுக்குப் பக்கத்தில் இருக்க மற்றப் பிள்ளைகளை வீட்டுக்காரர் விடவில்லை. கந்தையாவின் மருமகன் கடிதம் போட்டுவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

நாலாம் நாள் மார்க்கண்டு சைக்கிளில் வந்தார். அரியாலையிலிருந்து மானிப்பாய்வரை மிதித்த வேர்வையோடு நேரே சேரின் மேசைக்கு வந்து மூன்று சிரட்டைகளை வைத்தார். வாழையிலை மூடி, நார்க்கட்டு, எங்கள் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. இலையில் கரியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம்.

"ஐயா, இந்த மூண்டையும் பாருங்கோ. எங்கை எடுத்ததெண்டு இப்ப சொல்லமாட்டன். நீங்கள் பாத்து முடிச்சாப் பிறகு சொல்லுறன்."

நான் முறைத்தேன். சேர் முறைக்கவில்லை. காய்ச்சலில் இன்னும் மெலிந்திருந்த முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. இந்தாளுக்கு எங்கள் தொழில் தெரிந்திருக்கிறது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். பிறகு என்னை எழுப்பிவிட்டு, அடுப்பிலிருந்து குழாய்வரை எல்லாவற்றையும் தானே செய்தார். மருந்து குறைந்துகொண்டு வந்ததால் வெற்று மாதிரிக்கு மட்டும் ஏட்டில் நான் எழுதியிருந்ததை நம்பினார். எனக்குத் துருத்தி மட்டும்.

மூன்றும் சிவந்தன. மார்க்கண்டு குழாய்களைப் பார்த்தார், சேரைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிந்தபின் மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார். முதலாவது சிரட்டை, சேரின் சொந்த வீட்டு முற்றத்தில் நந்தியாவட்டைக்குக் கீழே எடுத்த மண். கன்று வேண்டும் என்று கேட்டுப் போயிருக்கிறார். சேரின் மனைவி கன்றும் கொடுத்துத் தேநீரும் கொடுத்திருக்கிறார். இரண்டாவது அரியாலைக் கடற்கரை மணல். அலையடித்துக் கழுவிய சுத்தமான மணல்.

"மூண்டாவது என்ரை வீட்டு முன்வாசல்படி. கடைக்குட்டி இருந்து சோறு கறி காய்ச்சி விளையாடுற இடம். நான் உருக்கிறது பின்வளவிலை, முன்னுக்கு ஒரு துளி விழ விடமாட்டன். அதுவும் சிவப்பு, கடலும் சிவப்பு, ஐயான்ரை நந்தியாவட்டையும் சிவப்பு. அப்ப ஆர் ஊரைவிட்டு எழும்புறது?"

சேர் நான்கு நாள் தவணை கேட்டார். மார்க்கண்டு போனபின் ஏட்டை எடுத்து, பென்சிலை எடுத்து, சவர அலகையும் எடுத்தார். அவர் சீவத் தொடங்க முன்னரே நான் சொல்லிவிட்டேன். "சேர், அந்த வெற்று மாதிரி அதுக்கு முதல் கிழமை செய்தது."

அவர் அலகைக் கீழே வைத்தார். அன்று பென்சில் சீவப்படவில்லை. அதைவிட என்னை அடித்திருக்கலாம்.

உடனே வெற்று மாதிரி செய்தோம். வெறும் கிண்ணம், மண்ணின் ஒரு துகள்கூட இல்லை. சிவந்தது. அழுக்கு எங்களிடம்தான். ஆனால் எதில்? அமிலத்தை மட்டும் தனியாகப் பார்த்தோம், பச்சை. தண்ணீரைப் பார்த்தோம், பச்சை. சோதனைக் குழாய், பச்சை. சுட்ட கிண்ணத்தில் பட்டது மட்டும் சிவப்பு. கரியைச் சந்தேகித்தோம், துருத்தித் தோலைச் சந்தேகித்தோம், தட்டாரைச் சந்தேகித்தோம். இரண்டு நாள் இப்படிப் போனது. சேர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் ருசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மணியக்கா கிண்ணம் கழுவிக்கொண்டு, "தம்பி, மூடியளிலை ஒரு மஞ்சள் புள்ளி கிடக்கு. சாம்பல் போட்டுத் தேய்ச்சும் போகேல்லை. பூசை முடிஞ்ச நாளிலை இருந்து சொல்லுறன், ஆர் கேக்கிறியள்" என்றார்.

சேர் ஒரு மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூடியின் நடுவில், அவர் பொட்டு வைத்த அதே இடத்தில், வட்டமாக மஞ்சள் கறை. அதன் ஓரம் செதிள் செதிளாக உரிந்து உட்பக்கத்திலும் ஒட்டியிருந்தது. அவர் நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டி ஓடு ஒன்று எடுத்துவரச் சொன்னார். ஓட்டின் ஒரு பக்கம் மணியக்கா வீட்டில் முடிந்து வைத்திருந்த பழைய குங்குமத்தில் ஒரு சிட்டிகை, மற்றப் பக்கம் நான் வாங்கிய பளிச்சென்ற குங்குமத்தில் ஒரு சிட்டிகை. அடுப்பில் வைத்தோம். கோவைப்பழ நிறம் வரை ஊதச் சொன்னார். என் வாழ்க்கையில் அந்த நிறம் வரை ஊதச் சொல்லி அவர் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மஞ்சளில் செய்த நல்ல குங்குமம் கருகி வெள்ளைச் சாம்பலானது. மற்றது கருகவில்லை. சிவப்பு மஞ்சளாகி ஓட்டோடு ஒட்டிக்கொண்டது. இரும்புக் கதவுக்கும் வள்ளத்துக்கும் அடிக்கிற சிவப்பு ஈயத்தூளை யாரோ புண்ணியவான் குங்குமம் என்று பொதி பண்ணி விற்றிருக்கிறான். தடைக்காலத்தில் அதுவும் ஒரு கைத்தொழில். ஒவ்வொரு தரமும் மூடியிலிருந்து செதிள் செதிளாகக் கிண்ணத்துக்குள் ஈயம் விழுந்திருக்கிறது. நாங்கள் பத்திரமாக அளந்திருக்கிறோம். சரஸ்வதிக்கு நாங்கள் வைத்த பொட்டை ஊர்ச்சபைக்கு அறிக்கையாக அனுப்பியிருக்கிறோம். மணியக்கா சிரித்தார். நான் சேரின் முகத்தைப் பார்த்து, வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

சேர் கிணற்றடிக்குப் போய் நெற்றியைக் கழுவிக்கொண்டு வந்தார். திருநீறு மட்டும் புதிதாகப் பூசினார். "நீர் வெற்று மாதிரி செய்யேல்லை. நான் மூடிக்குப் பொட்டு வைச்சனான். ரண்டு பேற்றை பிழையும் ஒரே கிண்ணத்துக்கை விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததில்லை. நான் எடுத்ததும் இன்றைக்குத்தான்.

மூடிகளையும் கிண்ணங்களையும் குப்பையில் போட்டோம். பழைய மின்சாரச் சூளையின் பெட்டிக்குள் பாவிக்காத ஆறு கிண்ணங்கள் கிடந்தன. அடுப்பை இடித்துப் புதிதாகக் கட்டினோம். மிச்சமிருந்த மருந்தைக் கணக்குப் பண்ணி எல்லாவற்றையும் முதலில் இருந்து பார்த்தோம். வெற்று மாதிரி பச்சை. கந்தையாவின் தோட்டம் மூன்றும் பச்சை என்றே சொல்லலாம். மிளகாய்க்குப் பூச்சி பிடித்திருக்கும், ஆடு கந்தையாவின் வீட்டில் இருந்தே சலித்துச் செத்திருக்கும். ஒரு கட்டைக்கு அப்பால் வெறும் வளவு பச்சை. சேரின் நந்தியாவட்டை பச்சை. கடற்கரை மணல் பச்சை.

மூன்றாவது சிரட்டை சிவந்தது.

மறுபடி பார்த்தோம், சிவப்பு. கிண்ணத்தை மாற்றிப் பார்த்தோம், சிவப்பு. மூன்று தரமும் பக்கத்தில் வெற்று மாதிரி பச்சையாக நின்றது. சேர் சபைக்கு இரண்டு கடிதம் எழுதவில்லை, ஒன்றுதான் எழுதினார். முந்திய அறிக்கை எங்கள் ஆய்வுகூடத்தின் பிழை, மார்க்கண்டுவின் பட்டறையால் அயலவர் மண்ணுக்குப் பாதிப்பில்லை என்று. பிழைக்குக் காரணம் பூசைக் குங்குமம் என்று தன் கையாலேயே எழுதினார். அந்த வரியை எழுதுகிறபோது அவருக்கு என்னமாய் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது சிரட்டையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது சபையின் விஷயமல்ல, தகப்பனின் விஷயம் என்றார்.

இதற்கு மேல் வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த வாசல்படியில் விளையாடிய பிள்ளை தப்பிவிட்டது. அதை ஒளித்து வைத்து உங்களை அழவைக்க நான் நாடகம் எழுதவில்லை. மானிப்பாய் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அடுத்த பொங்கலுக்கு அவள் ஒரு சட்டி புக்கையைத் தனியாகச் சாப்பிட்டாள் என்று மார்க்கண்டுவே வந்து சொன்னார். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தோடு வந்தார். சபைக் கடிதம் முதல்நாளே கிடைத்துவிட்டது. மணியக்காவுக்குப் பழம் கொடுத்தார், எனக்கும் ஒன்று தந்தார். கந்தையா வேலிக்கு மேலால் பார்க்கிறதையும் விட்டிட்டார் என்று பகிடி சொன்னார். சேர் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். முதலாவது பச்சை, இரண்டாவது பச்சை, மூன்றாவது சிவப்பு என்று மெல்லச் சொன்னார். மூன்று தரம் பார்த்தோம் என்றும் சொன்னார்.

"பகிடி விடாதேங்கோ ஐயா" என்றார் மார்க்கண்டு.

சேர் ஒரு கேள்விதான் கேட்டார். "வேலை முடிஞ்சு வந்து சாரத்தை எங்கை உதறுறனீங்கள்?"

மார்க்கண்டு குனிந்து தன் சாரத்தைப் பார்த்தார். பின்வளவில் உருக்கி முடித்து, வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, வீட்டுக்குள் அழுக்கோடு போகக்கூடாது என்று வாசல்படியில் நின்று சாரத்தை உதறிவிட்டு உள்ளே போகிற மனிதர். சுத்தம் பார்க்கிற மனிதர். நாங்கள் மூடிக்குப் பொட்டு வைத்தது மாதிரி அவரும் வருடக்கணக்காக ஒரு நல்ல பழக்கத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

கடைக்குட்டி சில மாதமாக வயிற்றைப் பொத்திக்கொண்டு படுக்கிறாள், சாப்பாடு இறங்குவதில்லை, பூச்சி என்று நினைத்துப் பூச்சிமருந்து கொடுத்தோம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு எழும்பி சேரின் மேசையை இரண்டு கையாலும் பிடித்தார். எங்களைத் திட்டிச் சிரித்துத் தலைகுனிய வைத்த அதே மனிதர்.

"ஐயா, இன்னொருக்காப் பாருங்கோவன். நீங்கள் பிழை விடுற ஆக்கள்தானே."

போத்தலின் அடியில் ஒரேயொரு முறைக்கு மருந்து இருந்தது. சேர் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே அடுப்பு மூட்டினோம். ஒரு கிண்ணத்தில் அவருடைய மண், ஒரு கிண்ணத்தில் ஒன்றுமில்லை. நான் ஊதினேன். சேர் கண்ணாடியைத் துடைத்து எட்டிப் பார்த்தார். கத்தரிக்காய் நிறம். ஆறவிட்டு, அமிலம் விட்டு, இரண்டு குழாயிலும் பச்சை மருந்தை விட்டு, மார்க்கண்டுவின் கையிலேயே கொடுத்துக் குலுக்கச் சொன்னார். அவர் இரண்டையும் ஒன்றாகக் குலுக்கினார், நெடுநேரம் குலுக்கினார், நிறுத்த மனமில்லாமல் குலுக்கினார்.

வலது கையில் இருந்த வெற்று மாதிரி பச்சையாக நின்றது. இடது கையில் இருந்தது சிவந்தது.

என் உத்தியோக காலம் முழுவதும் நான் பார்த்த அளவுகளில் மிகச் சரியான அளவு அதுதான். அது பிழையாக வரவேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு துருத்தி ஊதினதும் அன்றைக்குத்தான்.